உங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு ரயில் தண்ணீர்

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12ஆம் நாள். ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்ட ஒரு ரயில், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சென்னையிலுள்ள வில்லிவாக்கத்தை வந்தடைந்தது. அந்த ரயிலில் ஒரு பயணிகூட இல்லை. 50 வாகன்கள், ஒவ்வொன்றிலும் 50,000 லிட்டர் குடிநீர். மொத்தம் 25 இலட்சம் லிட்டர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டுபோனதால் சென்னை மாநகரம் ரயிலை எதிர்பார்த்துக் குடம் வைத்திருந்த காலம் அது.

இனி, அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னே செல்வோம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள். காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அடையாறு கரை புரண்டது. மாடிகளில் ஏறி நின்ற மக்களைப் படகுகளில் மீட்க வேண்டியதாயிற்று.

அதே நகரம், நான்கே ஆண்டு இடைவெளி. ஒரு முறை தண்ணீரில் மூழ்கியது. மறுமுறை தண்ணீரின்றித் தவித்தது. இது எப்படி?

விடை தேட நெடுந்தூரம் போக வேண்டாம், நண்பர்களே. உங்கள் பள்ளி மைதானம் வரை நடந்தால் போதும். முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். (ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டர் உயரம், பெருக்கிப் பாருங்கள்.) அப்படியானால் 10 சென்டிமீட்டர் மழை பெய்யும் ஒரு நாளில் சதுர மீட்டருக்கு 100 லிட்டர். உங்கள் பள்ளி வளாகம் ஆறு ஏக்கருக்குச் சற்று மேல், அதாவது 25,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நாளில் வளாகத்தில் விழும் தண்ணீர் எவ்வளவு? 25 இலட்சம் லிட்டர்!

ஆம், ஜோலார்பேட்டையிலிருந்து வந்த அதே ரயில். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது வானத்திலிருந்தே உங்கள் பள்ளிக்கு வந்து இறங்குகிறது. பிறகு என்ன ஆகிறது? அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மழைக்கு மூன்று வழிகள்

தரையைத் தொட்ட மழைத்துளிக்கு மூன்று வழிகள் உள்ளன. ஆவியாகி மேலே போகலாம், மண்ணுக்குள் இறங்கலாம், அல்லது தரைமேல் ஓடலாம். எந்த வழியில் எவ்வளவு நீர் செல்லும் என்பதைத் தீர்மானிப்பது வானமல்ல, தரைதான்.

கிண்டி தேசியப் பூங்காவிற்கு நீங்கள் போயிருக்கலாம். நகரத்தின் நடுவே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் எஞ்சியிருக்கும் வறள் பசுமைக்காடு அது. அங்கே மழை முதலில் இலைகளில் விழுகிறது. அங்கிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையிலுள்ள சருகுகளுக்கு இறங்குகிறது. சருகைக் கடந்த பின்தான் மண்ணைத் தொடுகிறது. மண்புழுவும் கறையானும் குடைந்த துளைகள், மட்கிப்போன வேர்கள் விட்டுச்சென்ற குழாய்கள் இவற்றின் வழியே உள்ளே இறங்கிவிடுகிறது. மழையின் வேகம் படிப்படியாகத் தணிந்துவிடுவதால் மண் அரிப்பதில்லை.

சிமெண்டுத் தரையிலோ இரண்டாவது வழி அடைபட்டுவிட்டது. முதல் வழியான ஆவியாதல் கொட்டும் மழையில் மிகச் சிறிதே. ஆகவே எல்லா நீரும் மூன்றாவது வழியில் ஓடுகிறது. அதுவும் எப்படி? ஒரு தெருவிலுள்ள நூறு மாடிகளும் நூறு முற்றங்களும் தங்கள் நீரை ஒரே சமயத்தில் வடிகாலில் தள்ளுகின்றன. மைதானமாக இருந்தபோது நாள் முழுவதும் மெல்ல மெல்ல வந்த நீர், இப்போது ஒரே மணி நேரத்தில் வந்து குவிகிறது. கல்லூரி நுழைவாயிலில் மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவதற்கும், மணி அடித்தவுடன் அனைவரும் முண்டியடித்து வருவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. வாயில் அதேதான், நெரிசல்தான் புதியது.

1933ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நீரியல் அறிஞர் இராபர்ட் ஹார்ட்டன் இதன் அடிப்படையை விளக்கிவிட்டார். மண்ணுக்குத் தண்ணீரை உள்வாங்கும் வேகம் என்று ஒன்று உண்டு. மழை அந்த வேகத்தைவிட மெதுவாகப் பெய்தால் எல்லா நீரும் உள்ளே போகும். அதைவிட வேகமாகப் பெய்தால் மிஞ்சியது மட்டுமே மேலே ஓடும். காய்ந்த மண் முதலில் வேகமாகக் குடிக்கும். பிறகு வேகம் குறைந்து ஒரு நிலையான அளவில் நிற்கும். இதனை ஊடுருவல் வேகம் என்கிறோம்.

மண் எவ்வளவு குடிக்கும்?

எல்லா மண்ணும் ஒரே வேகத்தில் நீரைக் குடிப்பதில்லை. காரணம், துகள்களின் பருமன். மணல் துகளின் விட்டம் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை. களிமண் துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. மணலில் துகள்களுக்கிடையே உள்ள சந்துகள் பெரியவை. நீர் தங்குதடையின்றி இறங்கும். களிமண்ணில் சந்துகள் ஏராளம். ஆனால் அவை மிக மிக நுண்ணியவை. நீர் அவற்றில் ஒட்டிக்கொண்டு ஊர்ந்துதான் செல்ல முடியும்.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் உழவர்களுக்காகத் தந்துள்ள கணக்கின்படி, நன்கு நனைந்த மணல் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் நீரை உள்வாங்கும். மணற்பாங்கான வண்டல் 20 முதல் 30 மில்லிமீட்டர்; வண்டல் 10 முதல் 20; களி கலந்த வண்டல் 5 முதல் 10; வெறும் களிமண் 1 முதல் 5 மில்லிமீட்டர்.

ஆனால் துகளின் பருமன் மட்டுமே கதையல்ல. அதே மண்ணின் மேல் லாரியை ஓட்டினால் என்ன ஆகும்? துகள்கள் நெருங்கிவிடும், பெரிய சந்துகள் முதலில் மறையும். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் மணல் நிலங்களில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டடப் பணியின்போது இறுகிப்போன மண்ணின் ஊடுருவல் வேகம் 70 முதல் 99 சதவீதம் வரை குறைந்திருந்தது. மண் மாறவில்லை, மணல் மணலாகவே இருந்தது. ஆனால் அதன் வாய் மூடப்பட்டுவிட்டது.

நம் உழவர்கள் இதை ஆய்வுக்கூடமின்றியே அறிந்திருந்தார்கள். கோடை உழவு கோடி நன்மை என்று ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விதைப்பதற்கு வெகு நாள் முன்பே நிலத்தை ஏன் உழ வேண்டும்? இறுகிய மேல்மண்ணைத் திறந்துவைத்தால் முதல் மழையே வீணாகாமல் உள்ளே இறங்கும் என்பதும் ஒரு காரணம்.

ஆகவே, புதிதாக ஒரு பள்ளியோ வீடோ கட்டும்போது செய்ய வேண்டிய முதல் வேலை மிக எளியது, செலவே இல்லாதது. எங்கே கட்டடம் வராதோ அந்த இடத்தில் கயிறு கட்டி, லாரியும் கருங்கல் குவியலும் அங்கே போகாமல் காப்பதுதான் அது. அங்குள்ள மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகியிருக்கும். அதை வாரிக் கொட்டிவிட்டு, வேறெங்கிருந்தோ செம்மண் வாங்கிவந்து நிரப்புவது இலாபமான வியாபாரமல்ல.

ஒரே நகரம், மூன்று மண்

சென்னையில் மண் ஒன்றல்ல. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். அண்ணா நகர், கீழ்ப்பாக்கம், பெரம்பூர்ப் பக்கம் களிமண். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கத்தில் சிறிது ஆழத்திலேயே பாறை. மூன்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்க முடியுமா?

கடலோர மணலை முதலில் பார்ப்போம். அது தானே ஒரு வடிகால். தானே ஒரு நீர்த்தொட்டி. அதற்கும் மேலாக அது ஓர் அணை. ஆச்சரியமாக இருக்கிறதா? மணலுக்கடியில் மழைநீர் நன்னீராகத் தங்குகிறது. அதன் பக்கத்தில் கடல்நீர் உள்ளே வரக் காத்திருக்கிறது. கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025, நன்னீரின் அடர்த்தி 1. எனவே இலேசான நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. பனிக்கட்டி நீரில் மிதக்கும்போது பெரும்பகுதி அடியில் இருப்பதைப் போல, கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்திற்கு நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பொறியியலார் கைபனும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட உண்மை இது.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மழைநீரை மணலில் இறங்க விடாமல் நிலத்தடி நீர்மட்டத்தை ஒரு மீட்டர் குறைத்துவிட்டால், அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் மேலேறும்! சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது, கிணறுகள் உப்பாயின. கிழக்குக் கடற்கரைச் சாலையோர மணல் பகுதிகளில் சிமெண்டு வடிகால் கட்ட முனைந்தபோது, எங்கள் மணலே எங்களுக்கு வடிகால் என்று கூறி அங்கு வாழும் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது இதனால்தான்.

களிமண் வேறு குணம் உடையது. கோடையில் அது வெடித்துப் பிளக்கும். முதல் மழை அந்த வெடிப்புகள் வழியே வேகமாக இறங்கும். பிறகு களித்துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி, வெடிப்பை மூடிக்கொள்ளும். அதன்பின் மணிக்குச் சில மில்லிமீட்டர்தான். இங்கே ஆழமான குழி வெட்டினால் அது குளம்போல் நின்றுவிடும். அகலமாகவும் ஆழங்குறைவாகவும் நீரைப் பரப்ப வேண்டும்; மட்கிய இலைகளைச் சேர்த்து மண்ணைப் பொலபொலப்பாக்க வேண்டும். அல்லது, களிக்குக் கீழே மணல் அடுக்கு இருந்தால் அதுவரை துளையிட்டு நீரை இறக்க வேண்டும்.

பாறைப் பகுதியில் மேலே உள்ள சிதைந்த பாறையும் அதன் பிளவுகளுமே நீர் தங்கும் இடம். அங்கே மேல்மண் மெல்லியது. ஆகவே அது இன்னும் விலை மதிப்புள்ளது.

மண்ணைப் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

எந்தச் செடி நடுவது?

மண் பாதி வேலை செய்கிறது. மறுபாதியைச் செய்வது செடி. இலை மழையின் அடியைத் தாங்குகிறது; தண்டு ஓடும் நீரைத் தடுத்து நிதானப்படுத்துகிறது; வேர் மண்ணைத் திறக்கிறது; மழை நின்றபின் வேர் நீரை உறிஞ்சி, அடுத்த மழைக்கு மண்ணில் இடம் செய்து வைக்கிறது.

ஆனால் நம் ஊரில் இந்த வேலைக்கு வரும் செடிக்கு ஒரு கடினமான தேர்வு காத்திருக்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை; அதில் ஏறத்தாழ 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அந்தச் செடி கார்த்திகையில் முழங்கால் நீரில் நிற்க வேண்டும். அதே செடி சித்திரையில் தண்ணீரே இல்லாமல் வெயிலில் நிற்க வேண்டும். கடையில் வாங்கும் அழகுச் செடிகளில் பல முதல் தேர்விலோ இரண்டாம் தேர்விலோ தோற்றுவிடும். மேலோட்டமாக வேர்விடும் விலைமிக்க புல்தரைக்குக் கோடை முழுவதும் நீர் பாய்ச்ச வேண்டும். மழைநீரைச் சேமிக்க வந்த செடி குடிநீரைக் குடித்துவிடுமானால் என்ன பயன்?

இரண்டு தேர்விலும் தேறிய செடிகள் எங்கே இருக்கின்றன? ஓர் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். ஐப்பசியில் நிரம்பி வைகாசியில் வெடிக்கும் ஏரியின் ஓரத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து பழகிய செடிகள் அங்கே இருக்கின்றன. கோரையைப் பாருங்கள்: கோடையில் மேற்புறம் காய்ந்துபோகும், மண்ணுக்குள் கிழங்கு உயிரோடிருக்கும், முதல் மழைக்குத் தளிர்க்கும். நீர்முள்ளி, வல்லாரை, பொடுதலை, கரிசலாங்கண்ணி ஆகியவையும் ஈரக்கரையின் குடிமக்கள். கரைமேல் நொச்சியும் புங்கமும். ஆற்றோரத்தில் வானுயர நிற்கும் நீர்மருது. ஏரிக்கரையைக் காவல் காக்கும் பனை.

வெட்டிவேரைத் தனியே சொல்ல வேண்டும். பெரும்பாலான புற்களின் வேர் பக்கவாட்டில் பரவும். வெட்டிவேரின் வேரோ நேர் கீழாக இறங்கும். நல்ல நிலத்தில் ஓராண்டிலேயே இரண்டு மீட்டருக்கும் கீழே போய்விடும். அதைச் சரிவின் குறுக்கே நெருக்கமான வரிசையாக நட்டால், மண்ணைத் தைத்துவிட்டது போலாகும். ஓடிவரும் நீர் அந்த வேலியில் தடைப்பட்டு, சுமந்துவந்த வண்டலை அங்கேயே விட்டுவிட்டுத் தெளிந்து செல்லும். உங்கள் பாட்டி பானைத் தண்ணீரில் போடும் வாசனை வேர் இதுவேதான்.

கடலோர மணலுக்கு வேறு செடிகள்: ஊதாப்பூ பூக்கும் அடம்புக்கொடி, முள்ளுருண்டையாக உருண்டோடும் இராவணன் மீசை, தாழை. இவை மணல் மேடுகளைப் பிடித்து நிறுத்துகின்றன.

எதை நடக்கூடாது என்பதும் முக்கியம். சீமைக்கருவேலம், நெய்வேலிக் காட்டாமணக்கு, ஆகாயத்தாமரை மூன்றும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. மூன்றும் இங்கு வெகு செழிப்பாக வளர்கின்றன. ஆனால் ஏரியையும் வாய்க்காலையும் அடைத்துவிடுகின்றன. செழித்து வளர்வதே ஒரு செடிக்கு நற்சான்றிதழாகிவிடாது.

உள்ளூர்ச் செடிகளால் வேறொரு நன்மையும் உண்டு. பொடுதலைப் பூவில் சின்னஞ்சிறு வண்ணத்துப்பூச்சிகள் தேன் குடிக்கின்றன. ஈரமண்ணுக்குத் தவளை வருகிறது, தும்பி வருகிறது. தும்பியின் இளரி நீரில் வாழ்ந்து கொசுப்புழுவைத் தின்கிறது. சம்பளம் கேட்காத சுகாதார ஊழியர்கள் இவர்கள்!

மழைத்தோட்டம் ஒன்று அமைப்போம்

மண்ணையும் செடியையும் சேர்த்து மழைநீரை நிறுத்தும் சிறு பள்ளத்தை மழைத்தோட்டம் என்று அழைக்கிறார்கள். 1990ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிரின்ஸ் ஜார்ஜ் வட்டாரத்தில் இம்முறை உருவெடுத்தது. அங்கு அவர்கள் தங்கள் நாட்டுச் செடிகளை நட்டார்கள். நாம் அவர்களிடமிருந்து முறையை எடுத்துக்கொள்வோம், செடியை அல்ல.

எவ்வளவு பெரிய தோட்டம் வேண்டும்? கணக்கிடுவோம். உங்கள் வகுப்பறைக் கட்டடத்தின் கூரையில் 100 சதுர மீட்டர் நீர், ஒரு குழாய் வழியே இறங்குகிறது. இரண்டு மணி நேரத்தில் 2.5 சென்டிமீட்டர் மழை. கூரையிலிருந்து வருவது 2,500 லிட்டர். தோட்டம் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழம் என்போம். பரப்பு 15 சதுர மீட்டர். அதன்மேல் நேராக விழும் மழை 375 லிட்டர். மொத்த வரவு 2,875 லிட்டர்.

இனி இடம் உள்ளதா என்று பார்ப்போம். பள்ளத்தின் கொள்ளளவு 2,250 லிட்டர். மணற்பாங்கான வண்டல் மண் மணிக்கு 25 மில்லிமீட்டர் குடிக்கும் என்றால், 15 சதுர மீட்டருக்கு மணிக்கு 375 லிட்டர்; இரண்டு மணிக்கு 750 லிட்டர். ஆக 3,000 லிட்டருக்கு இடமுண்டு. ஒரு சொட்டும் தெருவுக்குப் போகாது. மழை நின்றபின் பள்ளத்தில் நிற்கும் 2,125 லிட்டரும் ஆறு மணி நேரத்திற்குள் வற்றிவிடும்.

அதே பள்ளம் களிமண்ணில் இருந்தால்? மணிக்கு 1 மில்லிமீட்டர்தான் இறங்கும் என்றால், 15 சென்டிமீட்டர் நீர் வற்ற 150 மணி, அதாவது ஆறு நாளுக்கும் மேல் ஆகும். கொசுவின் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆபத்து! ஆகவே ஆழத்தை 5 சென்டிமீட்டராகக் குறைத்து, பரப்பை மூன்று மடங்காக்குங்கள். கொள்ளளவு அதேதான், ஆனால் 50 மணி நேரத்தில், சுமார் இரண்டு நாளில், வற்றிவிடும். கொசு பிழைக்க முடியாது. முன்னே படித்த ஊடுருவல் வேகம் எதற்கு என்று இப்போது புரிகிறதல்லவா?

சில எச்சரிக்கைகளும் உண்டு. கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டராவது தள்ளிப் பள்ளம் அமைய வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்கு அருகில் கூடாது. மிஞ்சும் நீர் வழிந்தோட ஒரு பக்கம் வழி விட வேண்டும். பள்ளத்தின் அடியில் கோரையும் வல்லாரையும். சரிவில் பொடுதலையும் வெட்டிவேரும். மேட்டில் நொச்சியும் புங்கமும் நடலாம். ஏரிக்கரையைச் சிறிதாக்கிப் பள்ளிக்குக் கொண்டுவந்தது போலிருக்கும். முதல் கோடையில் கன்றுகளுக்கு நீர் ஊற்றுங்கள். அதன்பின் அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

எல்லாம் இதனால் தீர்ந்துவிடுமா?

தீராது. அறிவியல் படிக்கும் நாம் ஒரு முறையின் பலத்தோடு அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். சீன நாடு 2015இல் 16 நகரங்களைத் தேர்ந்தெடுத்து, மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சும் நகரங்களாக மாற்றத் தொடங்கியது. பின்னர் பல நகரங்கள் இவ்வழியில் இறங்கின. அவற்றுள் ஒன்றான செங்சோ நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை பெய்தது. எந்தப் பஞ்சு அதைத் தாங்கும்? நகரம் மூழ்கியது, பலர் உயிரிழந்தனர்.

நம் கணக்கிலும் 2.5 சென்டிமீட்டர் மழைக்குத்தான் அந்தத் தோட்டம் போதுமானது. 2015இல் தாம்பரத்தில் பெய்ததோ 49 சென்டிமீட்டர். அப்படிப்பட்ட நாளில் வடிகாலும் வேண்டும், வாய்க்காலும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, நீர் போய்த் தங்க ஏரியும் சதுப்பும் வேண்டும். தியாகராய நகர் இன்று இருக்கும் இடத்தில் முன்பு மாம்பலம் ஏரி இருந்தது. 1920களில் அதை வற்றச்செய்து நகர் அமைத்தார்கள். தென்சென்னையின் மழைநீர் கூடும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் முன்பு இருந்ததில் ஒரு சிறு பகுதியே எஞ்சியுள்ளது. 2022இல் 1,248 ஹெக்டேர் பரப்புக்கு ராம்சார் என்னும் பன்னாட்டுச் சிறப்புத் தகுதி கிடைத்தது. ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அச்சதுப்பைச் சுற்றியுள்ள தெருக்களில் நாட்கணக்கில் நீர் நின்றது. சதுப்பு இழந்த இடத்தை மழைநீர் மறக்கவில்லை.

அப்படியானால் சிறு தோட்டத்தால் என்ன பயன்? ஆண்டில் மிகப் பல மழைகள் சிறு மழைகளே. அவை முழுவதும் மண்ணுக்குள் போனால், கோடையில் கிணற்றில் நீர் இருக்கும். பெருமழை நாளிலும், ஒவ்வொரு வளாகமும் முதல் இரண்டு சென்டிமீட்டரைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டால், வடிகாலில் நெரிசல் தொடங்குவது தள்ளிப்போகும். தரையைக் கழுவிவரும் முதல் நீரில்தான் எண்ணெயும் தூசியும் அதிகம். அந்த அழுக்கைக் களித்துகளும் மட்கும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைக்கின்றன.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் பள்ளியிலும் ஓர் உறைகிணறோ கசிவுக்குழியோ இருக்கும். கடைசியாக அதை எப்போது தூர் வாரினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வண்டல் அடைத்த குழி, சிமெண்டுத் தரைக்குச் சமம்.

நீங்களே செய்து பாருங்கள்

முதல் சோதனை: ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளும் நீரைக் கலங்கலாக வைத்திருப்பது களி. அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் உங்கள் மண்ணின் ஜாதகம் கையில்.

இரண்டாம் சோதனை: பெரிய பால்மாவு டப்பாவின் இரு முனைகளையும் ஆசிரியரின் உதவியோடு வெட்டி எடுங்கள். அதை ஐந்து சென்டிமீட்டர் ஆழம் மண்ணில் இறக்குங்கள். ஒரு முறை நீர் ஊற்றி மண்ணை ஊறவிடுங்கள். பிறகு மறுபடியும் ஊற்றி, நீர்மட்டம் 20 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். 40 நிமிடம் ஆனால் வேகம் மணிக்கு 30 மில்லிமீட்டர். மரத்தடியில் ஒரு முறை, விளையாட்டுத் திடலின் நடுவில் ஒரு முறை, வண்டிகள் நிற்குமிடத்தில் ஒரு முறை செய்யுங்கள். மூன்றும் ஒரே மண்தான். எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா?

இந்தச் சோதனைகளைப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே செய்துவிடுங்கள். வளாகத்தின் வரைபடம் ஒன்று போட்டு, ஒவ்வொரு இடத்திலும் கிடைத்த எண்ணை எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எந்த ஆண்டாவது மைதானம் முழுவதும் பேவர் கற்கள் பதிப்பது பற்றிப் பேச்சு எழுந்தால், அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போய் நில்லுங்கள். நடைபாதைக்கு மட்டும் கல் போதும் ஐயா, மீதி மண்ணாகவே இருக்கட்டும் என்று கேளுங்கள். உங்கள் கையில் வெறும் வேண்டுகோள் இருக்காது. நீங்களே அளந்த எண்கள் இருக்கும்.

அடுத்த ஐப்பசியில் வானத்திலிருந்து அந்த ரயில் மறுபடியும் வரும். அது உங்கள் பள்ளியில் நின்று இறங்குமா, நிற்காமல் தெருவுக்கு ஓடிவிடுமா என்பது இப்போது நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது.